பழைய கட்டட வேலைக்கு வர நினைக்கிற சிவில் பசங்களுக்கு

ஃபைனல் இயர் சிவில் படிக்கிற ரெண்டு மூணு பேர் ஒரே கேள்விய கேட்டாங்க, பழைய கட்டடங்கள சரி பண்ற ஸ்ட்ரக்சுரல் வேலைக்கு வரணும்னா என்ன படிக்கணும், எம்.டெக் சேர்றதுக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதணுமான்னு. என் அனுபவத்த சொல்றேன்.

கேட் எழுதுங்க. 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க், ஸ்கோர் 3 வருஷம் செல்லும். நான் முதல் தடவ கான்கிரீட் டிசைனுக்கான இந்திய விதி புத்தகம் ஐஎஸ் 456ல இருக்குறதெல்லாம் மனப்பாடம் பண்ணியே நேரத்த விட்டுட்டேன், ரேங்க் வரல. அடுத்த தடவ ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ், சாயில் மூணையும் பேப்பர்ல கையால போட்டு போட்டு படிச்சேன், எம்.டெக் சீட் கிடைச்சுது. விடைய நம்பரா டைப் பண்ற கேள்விக்கு நெகட்டிவ் மார்க் இல்ல, அதுல ஒன்னயும் காலியா விடாதீங்க.

படிச்சு முடிச்சதும் நேரா பழைய கட்டடத்துக்கு வராதீங்க. நான் 4 வருஷம் அபார்ட்மென்ட் டிசைன் பண்ணேன், ஈடாப்ஸ்ங்குற கட்டட டிசைன் சாஃப்ட்வேர்ல மாடல், சைட்ல கம்பி செக்கிங்னு. ஸ்லாப்ல விழுற லோடு பீம், காலம் (தூண்), ஃபூட்டிங் (அஸ்திவாரம்)னு எப்படி இறங்குதுங்குறது அங்கதான் மனசுல பதிஞ்சுது.

அப்புறம் சென்னையில ஒரு பழைய வீடு வந்துச்சு, மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைங்க, அதுமேல மெல்லிசு செங்கல்ல குத்தவச்சு கோணலா சுண்ணாம்புல அடுக்கி, அதுக்கும் மேல செங்கல் ஜல்லிக் காரை போட்டு இடிச்சிருப்பாங்க. கணக்கு போட்டேன், கட்டை தாராளமா தாங்கும்னு வந்துச்சு. கூட வந்த வயசான மேஸ்திரி ஒண்ணும் பேசல, ஏணியில ஏறி, கட்டை சுவருக்குள்ள நுழையுற இடத்துல ஸ்க்ரூட்ரைவர வச்சு அமுக்கினாரு, பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. நடுவுல இரும்பு மாதிரி இருந்த தேக்கு முனையில மக்கிப்போச்சு. காரணம் வெளிச்சுவர்ல பின்னாடி யாரோ பூசின சிமென்ட். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்த வெளிய விட்டுடும், சிமென்ட் அடைச்சுக்கும், அந்த ஈரம் முழுக்க கட்டை முனையில போய் நின்னுருக்கு. என் கணக்குல முனை நல்லாருக்குன்னு நானே வச்சுக்கிட்டதுதான் தப்பு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, கீழ ஒரு குடும்பம் குடியிருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் சுண்ணாம்ப ஒழுங்கா படிச்சேன், கடுக்காய் வெல்லம் ஊறவச்ச தண்ணி ஏன் சேக்குறாங்கன்னு மேஸ்திரிங்ககிட்டயே கேட்டேன். செங்கல் சுவருக்கான விதி புத்தகம் ஐஎஸ் 1905 படிங்க. ஆர்ச்சுக்கு (வளைவுக்கு), தொங்குற சங்கிலிய தலைகீழா திருப்பினா ஆர்ச் வடிவம்னு இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675ல சொன்னதுல இருந்து ஆரம்பிங்க, சாஃப்ட்வேர் அப்புறம். ஃப்ளாட் ஜாக் டெஸ்ட் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும்: சுவர்ல காரை இணைப்ப கிடையா அறுத்தா மேலயும் கீழயும் கொஞ்சம் நெருங்கும், அந்தப் பிளவுல தட்டையான ஜாக்க வச்சு பழைய இடைவெளி வர்ற வரைக்கும் ஆயில் பம்ப் பண்ணா, அந்த ப்ரஷர வச்சு சுவர் எவ்வளவு அழுத்தம் தாங்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சுடும்.

ஐஐடி மெட்ராஸ்ல பாரம்பரியக் கட்டட பாதுகாப்புக்குன்னே ஒரு தேசிய மையம் இருக்கு, எம்.டெக் ப்ராஜெக்ட் தேடுறவங்க அங்க நடக்குற வேலைய பாருங்க. லீவுல பழைய கட்டடங்கள பாதுகாக்குற கன்சர்வேஷன் ஆர்க்கிடெக்ட் யார்கிட்டயாவது போய் ஒரு மாசம் சைட்ல நில்லுங்க, டார்ச்சும் ஸ்க்ரூட்ரைவரும் கையில இருக்கட்டும்.