சிரிப்பு இறங்கும் இடம்

சபா நாடகத்தில் நடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிவிடும். ஜோக்கைச் சொன்னதும் அடுத்த வசனத்தை வாய்க்குள்ளேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். அரங்கத்தில் சிரிப்பு கிளம்பி, உச்சத்துக்குப் போய், லேசாக இறங்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து அதை விட வேண்டும். முந்தினால் வசனம் சிரிப்பிலேயே போய்விடும், பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். மேலே தொங்குகிற மைக்குக்கு நேரே நின்றால்தான் குரல் பின்வரிசைக்குப் போகும் என்பதால், தலையில் அடித்துக்கொண்டு ஓடி வருகிற காட்சியில்கூட கணக்காக மைக்குக்குக் கீழே வந்து நின்றுதான் அழுவோம்.

இந்தப் பழக்கங்களோடு சீரியல் செட்டுக்குப் போனால் முதலில் எதுவும் ஓடாது. அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள், லைட்மேன் கொட்டாவி விடுவார். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைச் சத்தமாக வாசிப்பார், அதைக் காதில் வாங்கி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், குரலை அப்புறம் டப்பிங்கில் போட்டுக்கொள்வார்கள், பல நேரம் அது நம்முடைய குரலாகவே இருக்காது. ஒரு தொடரில் எனக்காக வேறு யாரோ அழுதிருந்தார்கள், ஒளிபரப்பில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மேடைக்கு ஒத்திகை பார்த்துப் பார்த்து அடுத்தவர் வசனம்வரை மனப்பாடமாக வைத்திருக்கிற எங்களுக்கு இது கொஞ்சம் கசப்புதான். ஆனால் மேடையில் வருகிற காசு ஆட்டோவுக்கே சரியாகப் போகும். வீட்டு வாடகை சீரியலில் இருந்துதான் வந்தது.

மனோரமா ஆச்சியின் படங்களை ரசிப்பதற்காக இல்லாமல் வேலை கற்றுக்கொள்வதற்காகப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். இந்த இரண்டு இடத்தையும் தாண்டி வந்தவர் அவர். 1937ல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா (அதுதான் ஆச்சியின் இயற்பெயர்), பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்து, சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்தார். எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் கதாநாயகி. அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையேறியவர். அந்தக் கால மேடையில் நடிக்க மட்டும் தெரிந்தால் போதாது, சொந்தக் குரலில் பாடவும் வேண்டும், பக்கம் பக்கமாக வசனமும் பேச வேண்டும். இவ்வளவும் கைவசம் வைத்திருந்தவருக்கு 1958ல், கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் கிடைத்தது நகைச்சுவை வேடம். மேடையில் நாயகியாக நின்றவருக்கு அது ஒரு படி இறங்கியது போலத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1963ல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியும் ஆனார். அந்த வழி நீளவில்லை. இன்னொரு வழிதான் 1000 படங்களைத் தாண்டி, கின்னஸ் புத்தகம்வரை போனது.

எனக்குப் பாடமாக இருந்தது ‘தில்லானா மோகனாம்பாள்’ ஜில் ஜில் ரமாமணி. 1968ல் வந்த படம். ரமாமணியே ஒரு நாடகக்காரி, குலுக்கலும் பந்தாவுமாக இருக்கிற பாத்திரம். நாடகத்தில் இருந்து வந்த ஒருவர் நாடகக்காரியாக நடித்தால் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடலாம், யோசித்துப் பாருங்கள். படத்தின் நாயகனான நாதஸ்வரக்காரரிடம், உங்கள் நாயனத்தில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, இல்லை எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்கிற இடம் ஊருக்கே தெரியும். அதில் கிண்டல் துளியும் கிடையாது. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற முகம். சிரிப்புக்காக அவர் காத்திருக்கவே இல்லை, கொட்டகையில் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். மேடைப் பழக்கத்தில் எதை மூட்டை கட்டி வைக்க வேண்டும், எதைக் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது. கூட எடுத்துப் போக வேண்டியது காது. மேடையில் எதிராளி ஒரு வரியை விட்டுவிட்டால் நாம்தான் சமாளிக்க வேண்டும், அதனால் அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆச்சி கேமரா முன்னாலும் அப்படித்தான் கேட்கிறார். ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வீடு நிறைய ஆட்கள், அவர் வேலைக்காரி கண்ணம்மா. மற்றவர்கள் பேசுகிற காட்சிகளில் அவர் முகத்தை மட்டும் கவனித்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

அவரைப் ‘பெண் சிவாஜி’ என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் சென்னைத் தமிழில் இருந்து செட்டிநாட்டுப் பேச்சுவரை நாக்கில் வைத்திருந்தவரை, ‘புதிய பாதை’க்காகத் தேசிய விருது வாங்கியவரை, இன்னொருவர் பெயரை வைத்துத்தான் அளக்க வேண்டுமா?

எனக்கு இப்போது அத்தை, சம்பந்தியம்மா வேடங்கள்தான் வருகின்றன. கூடத்தில் பத்துப் பேர் நிற்கிற காட்சி என்றால் நமக்கு ஒரு வரி இருக்கும், அதுவும் கடைசியில். பக்கத்தில் நிற்கிறவர்கள் தங்கள் முறை வரும்வரை வாட்ஸ்அப் நினைவிலேயே இருப்பார்கள். நான் கதாநாயகி பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அண்மையில் ஒரு எடிட்டர், வெட்டிப் போட வேறு முகம் கிடைக்காததால் என் முகத்தையே நாலு இடத்தில் போட்டேன் என்றார். அதற்காகச் சம்பளம் ஒன்றும் கூடிவிடவில்லை, ஆனால் அடுத்த ஷெட்யூலுக்கும் கூப்பிட்டார்கள்.