ஸ்பானிஷ் வெர்ப் அப்டேட்: துவெர்மோ, தோர்மிமோஸ், துர்மியோ

ரெகுலர் வெர்ப் எல்லாம் ஓரளவு வாய்ல உக்காந்துடுச்சு, அதனால இப்போ நடுவுல உயிரெழுத்து மாறுற கோஷ்டிக்கு வந்தாச்சு. தோர்மிர்னா தூங்குறது, ஆனா தூங்குறேன்னு சொல்ல தோர்மோ கிடையாது, துவெர்மோ. அவன் தூங்குறான்னா துவெர்மே, அவங்கன்னா துவெர்மென். நாங்க தூங்குறோம்னு வரும்போது பழைய ஓ திரும்பி வந்துடும், தோர்மிமோஸ். (நம்மள மாதிரியே விகுதியிலயே ஆள் தெரிஞ்சிடும், நான் நீன்னு தனியா சொல்லவே வேணாம், அதுல நமக்கு ஈஸி.)

புக்ல இத டேபிள் போட்டு, மாறுற கட்டங்கள சுத்தி பூட்ஸ் ஷேப்ல ஒரு கோடு வரைஞ்சு மனப்பாடம் பண்ண சொல்லுவாங்க. நான் டேபிள மூடிட்டு சத்தமா சொல்லி, குரல் எங்க அழுந்துதோ அங்க தொடையில ஒரு தட்டு தட்டி பாத்தேன். துவெர்மோல தட்டு முதல் அசையில, தோர்மிமோஸ்ல நடு அசையில. அவ்ளோதாங்க மேட்டரே! அழுத்தம் வேர்ல விழுந்தா உயிர் மாறும், விகுதிக்கு நகர்ந்துட்டா மாறாது. பெர்தேர் (தொலைக்கிறது) - பியெர்தோ - பெர்தேமோஸ், பெதிர் (கேட்டு வாங்குறது) - பீதோ - பெதிமோஸ், எல்லாம் இதே தாளம்தான். உ மாறுறது ஹுகார் ஒண்ணே ஒண்ணு, விளையாடுறேன்னா ஹுவேகோ.

இது தெரிஞ்சதும் வெர்ப்ப விட்டுட்டு மத்த வார்த்தையெல்லாம் தோண்ட ஆரம்பிச்சுட்டேன். 7 சியேத்தே, 70 செத்தேந்தா. 9 நுவேவே, 90 நொவேந்தா. கதவு புவேர்த்தா, அதுல நிக்கிற ஆள் போர்த்தேரோ. லத்தீன்ல குறிலா இருந்த எ, ஒ அழுத்தம் விழுந்த இடத்துல ரெண்டா பிரிஞ்சிருக்கு, நெடிலா இருந்தது பெரும்பாலும் அப்படியே நின்னுடுச்சு, அதனாலதான் தேபேர் இன்னிக்கும் சாதா தேபோ. ஆனா இன்னிக்கு ஸ்பானிஷ்ல குறில் நெடில் வித்தியாசமே இல்லாததால எந்த வெர்ப் மாறும்னு பாத்த உடனே சொல்ல முடியாது, அத மட்டும் மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும்.

அர்ஜென்டினாக்காரங்க பேசுற வீடியோ இன்னும் சூப்பர். அங்க நீன்னு சொல்ல 'தூ'ங்கிற வார்த்தைக்கு பதிலா 'வோஸ்', அதுக்கு அழுத்தம் கடைசியில விழும், அதனால உன்னால முடியும்ங்கிறது புவேதெஸ் இல்ல, பொதேஸ். விதி அங்கயும் பிசகல!

இறந்தகாலம்தான் ஆட்டத்த மாத்துது. ப்ரீத்தேரித்தோங்கிற முடிஞ்சுபோன இறந்தகாலத்துல அழுத்தம் விகுதியில விழுறதால ஆர், ஏர்ல முடியுற கோஷ்டி அமைதியாயிடும், தொலைச்சேன் பெர்தி, தொலைச்சான் பெர்தியோ, திரும்பி வந்தேன் போல்வி, வந்தான் போல்வியோ, ஒரு மாற்றமும் இல்ல (பொதேர், கெரேர் ரெண்டும் புதே, கிசேன்னு தனி ரூட்ல போகும், அது வேற அத்தியாயம்). ஈர் கோஷ்டி மட்டும் அடங்காது, அவன், அவங்க ரெண்டு இடத்துல மட்டும் எ வந்து இ ஆகும், ஒ வந்து உ ஆகும். நான்னா பெதி, ஆனா அவன்னா பிதியோ, அவங்கன்னா பிதியேரோன். அதே மாதிரி தோர்மி, ஆனா துர்மியோ, துர்மியேரோன். விகுதியில வர்ற அந்த யகர ஒலிதான் முன்னாடி இருக்கிற உயிர மேல இழுக்குது, தூங்கிட்டுங்கிற துர்மியேந்தோலயும் அதே கதைதான். போல்வியோலயும் அதே யோதானே இருக்கு, அது ஏன் மசியலன்னு கேட்டா, இந்த இழுப்பு ஈர் கோஷ்டிக்கு மட்டும்தான்னு வெச்சுக்க வேண்டியதுதான், எனக்கே அதுல பாதி திருப்திதான்.

தோர்மிமோஸ் தூங்குறோமும் அதுதான், தூங்கினோமும் அதுதான். நேத்துன்னு அயேர் சேர்த்து சொன்னா குழப்பம் இல்ல.

இப்போதைக்கு நிகழ்காலம் யோசிக்காம வருது, துர்மியோ, பிதியோ வர்றதுக்கு இன்னும் ஒரு செகண்ட் நின்னுதான் வருது. அதனால தெனமும் தூங்கப் போறதுக்கு முன்னாடி அன்னிக்கு வீட்ல யார் என்ன கேட்டாங்க, யார் எவ்ளோ நேரம் தூங்கினாங்கன்னு ஸ்பானிஷ்ல வாய்ஸ் ரெக்கார்ட் போடுறேன், அவன் அவங்க ஃபார்ம் தானா வந்து மாட்டும். அடுத்தது சப்ஜங்க்டிவ் (ஆசை, சந்தேகம் மாதிரி விஷயத்த சொல்ற வெர்ப் வடிவம்), அதுல நாங்கங்கிற இடத்துலயே துர்மாமோஸ்னு உ வந்து நிக்குது, அழுத்தமும் அங்க இல்ல, யகரமும் இல்ல, அந்த பஞ்சாயத்த அப்புறம் பாத்துக்கலாம்.