பாட்டா ஏன் மரச்சீனி தொடமாட்டாரு

அக்கா மவன் போன வாரம் குலசேகரத்துல இருந்து போன் பண்ணி, மாமா ஸ்கூல்ல ஆகஸ்ட் 15க்கு பேசணும், பெரிய பாட்டா நேதாஜி படையில இருந்தாருல்லா அத எழுதித் தாங்கன்னான். இருந்தாரு, சரிதான். ஆனா மைக் முன்னாடி நின்னு சொல்ற மாதிரி கதையா அதுன்னு தெரியல.

பாட்டா மலேயா போனது ரப்பர் வெட்டத்தான். நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்குல இறங்கி, வெளுப்பாங்காலம் எந்திரிச்சு மரம் வெட்டி, சிரட்டைல பால் எடுத்து... நம்ம ஊர்ல இப்பவும் செய்யுத அதே வேலதான், என்ன அங்க வெள்ளக்காரன் தோட்டம். 1942 பிப்ரவரில சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போச்சு, ரப்பர் வாங்க ஆளில்ல, சம்பளம் இல்ல, அரிசி கண்ணுல கிடையாது, மரச்சீனிதான் (மரவள்ளிக்கிழங்கு) மூணு நேரமும். அதுக்கு மேல, சயாம்ல (இப்போ தாய்லாந்து) இருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடணும்னு தோட்டத்துக்கு லாரி வரும், ஆம்பளையள ஏத்திட்டுப் போவானுவ, 415 கிலோமீட்டர் காட்டுக்குள்ள, போனவங்கள்ல ஏகப்பட்ட பேர் திரும்பல. லாரி சத்தம் கேட்டா பாட்டா கக்கூஸுக்குப் பின்னால புதருக்குள்ள போய் படுத்துக்குவாராம்.

1943 ஜூலைல போஸ் சிங்கப்பூர் வந்த பிறகுதான் தோட்டத்துல இருந்து கூட்டம் கூட்டமா சேந்தாங்க, பால் வெட்டுன பொம்பளப்பிள்ளைங்க கூட ஜான்சி ராணி படைக்குப் போனாங்க. நான் சின்னதுல கேட்டேன், நாட்டுக்காகத்தானே சேந்தீங்க பாட்டான்னு. "ரயிலுக்குப் புடிச்சிட்டுப் போறதுக்கு இது மேலுன்னு போனேன் மக்கா" அப்டின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "ஆனா அங்கதான் என்னைய ஒருத்தனும் கூலின்னு கூப்பிடல" ன்னாரு. எனக்கு இந்த ரெண்டுல எது நிஜம்னு பிரிச்சுப் பாக்கத் தோணல, ரெண்டும் அவருக்க காரணம்தான்.

டிரில் ஆர்டர் எல்லாம் இந்துஸ்தானி. பாட்டா மூணாங்கிளாஸ், பக்கத்துல நிக்கவன் எந்தப் பக்கம் திரும்புறான்னு ஓரக்கண்ணால பாத்துத் திரும்புவாராம், அவன் தப்பாத் திரும்புனா ரெண்டு பேருக்கும் சேத்து ஏச்சு. முதல்ல கையில குடுத்தது மரத்துல செஞ்ச துப்பாக்கி. 1944ல இம்பாலுக்குச் சண்டைக்குப் போனவங்கள்ல இவரு இல்ல, அப்போ மலேரியால கேம்ப்ல கிடந்தாரு. 1945 ஆகஸ்ட்ல எல்லாம் முடிஞ்சுது, யூனிஃபார்மை எரிச்சிட்டு திரும்பவும் அதே தோட்டம். பிரிட்டிஷ் பட்டாளத்துல இருந்து வந்தவங்களத்தான் வெள்ளக்காரன் தேடித்தேடி விசாரிச்சான், டெல்லி செங்கோட்டைல கேஸ் நடந்ததும் அந்த ஆபீசர்மாருக்குத்தான். தோட்டத்துல இருந்து போனவன, போடான்னு விட்டுட்டான்.

1972ல தியாகி பென்ஷன் அறிவிச்சதும் இவரும் மனு குடுத்தாரு. ஜெயில்ல இருந்ததுக்கு அத்தாட்சி எங்கன்னு ஒரு ஆபீஸ்ல கேட்டாங்க. ரெண்டு தடவ நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுனாரு, பிறகு போகல. "பேரே எழுதாம விட்டவனுக்குட்ட பேரு எழுதுன பேப்பர் கேக்கானுவ" ன்னு சிரிப்பாரு.

எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா மரச்சீனி அவிச்சு சாளக்கறி. பாட்டா மட்டும் தட்டத் தள்ளி வச்சிட்டு ஒரு கை சோறு கேப்பாரு. இருக்கதத் தின்னா என்னன்னு அம்மச்சி ஏசும். "மூணரை வருஷம் தின்னாச்சு" ம்பாரு, அவ்வளவுதான்.

இத எல்லாம் எழுதி மருமவனுக்கு அனுப்பினேன். டீச்சர் மரச்சீனிய வெட்டிட்டு இம்பால் யுத்தத்த சேத்துட்டாங்களாம்.