பாலாற்று மணலில் நூறு மீட்டர்

லீவுக்கு வேலூர் வந்திருக்கிறேன். லீவு முடிந்து இங்கிலாந்து திரும்பியதும் எனக்கு டீர் ஸ்டாக்கிங் (மானைப் பதுங்கிச் சென்று சுடுவது) முதல் நிலைச் சான்றிதழுக்கான தேர்வு. அதனால் தினமும் விடியற்காலையில் பாலாற்று மணலில் 100, 70, 40 மீட்டர் அளந்து கம்பு நட்டு, படுத்தும் மண்டியிட்டும் நின்றும் பழகிக்கொண்டிருக்கிறேன். பார்த்துவிட்டு சித்தப்பா கேட்டார், "இன்னாடா இது, இங்க மானைச் சுட்டா ஜெயிலு, அங்க சுடறதுக்குப் பரீட்சையா?"

நியாயமான கேள்விதான். 1972 வனவிலங்குச் சட்டம் இங்கே மானைக் காக்கிறது, காக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிட்டனில் ஓநாய் எப்போதோ அழிந்துவிட்டது, மானை அடிக்க வேறு மிருகம் இல்லை, நான் வேலை செய்யும் பண்ணையில் நட்ட ஓக் கன்றுகளின் குருத்தை எல்லாம் மான்கள் கடித்துவிடுகின்றன. எண்ணிக்கையைக் குறைத்தே ஆகவேண்டும், அதைச் செய்பவன் மானை வதைக்காமல் செய்ய வேண்டும்.

சுடும் தேர்வில் முதலில் 100 மீட்டரில் மூன்று குண்டும் 4 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். அப்புறம் மான் உருவத்தில் மூன்று தூரங்களிலிருந்தும் இரண்டிரண்டு. துப்பாக்கி இல்லாமல் இங்கே பழக முடிந்தது உடம்பை அசைக்காமல் வைப்பதும் மூச்சை அடக்குவதும் மட்டுமே.

அமிர்தி உயிரியல் பூங்காவுக்கும் போய் வந்தேன். அங்கே இருப்பது நம் புள்ளிமான், தேர்வில் வருவதோ வேறு ஆறு இனங்கள் (அதில் ஒன்று கேளையாடு என்ற நம் சிறு மானின் சீனத்துச் சொந்தம்). ஆனாலும் கொம்பைப் பார்க்காமல் பின்புறத்தைப் பார்க்கும் பழக்கத்துக்கு எந்த மானும் போதும். இங்கிலாந்தில் ரோ என்ற மான் இனத்தில் ஆணைச் சுட ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, பெட்டையை நவம்பர் முதல் மார்ச் வரைதான் அனுமதி. குளிர்காலத்தில் ஆணின் கொம்பு உதிர்ந்துவிடும், அப்போது பெரும்பாலும் பின்னால் உள்ள வெள்ளைத் திட்டின் வடிவத்தை வைத்துத்தான் ஆணா பெட்டையா என்று சொல்ல முடியும்.

எனக்குக் கவலை பாதுகாப்புச் சுற்றில்தான். ஒரு மானைக் காட்டி, சுடலாமா, கூடாதா, ஏன் என்று கேட்பார்கள். குண்டை விழுங்கும் மண் மேடு பின்னால் இருக்க வேண்டும். பாறையில் பட்டால் தெறித்து எங்கே போகுமோ தெரியாது. சத்துவாச்சாரி மொட்டை மாடியில் நின்றால் எதிரே முழுக்கப் பாறை மலை, அதில் மேயும் ஆடுகள் ஒவ்வொன்றையும் மானாக நினைத்து எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன், பெரும்பாலும் பதில் கூடாது என்றே வருகிறது.

இப்போது சாயங்காலமானால் சித்தப்பாவும் மாடிக்கு வந்துவிடுகிறார். நேற்று மலை முகட்டில் நின்ற ஓர் ஆட்டைக் காட்டி, "இது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "வேணாம்டா, அந்தாண்ட யார் இருக்காங்கன்னு தெரியல" என்றார்.