வெறும் வண்டியோடு சேர்த்த கணக்கு

ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. மாங்கூழ் ஆலையில் சீசன் நேரம் என்பதால் ஞாயிறும் எனக்கு வேலை நாள்தான். விடிவதற்குள் எழுந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்தேன். முதல் கோடு பளிச்சென்று இருந்தது. இரண்டாவது கோடு, எடைச் சீட்டின் மூன்றாவது கார்பன் நகலைப் போல, இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்கும்படி இருந்தது. அவரை எழுப்பிக் காட்டினேன். குழல்விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்து, "இருக்கிறது" என்றார். எட்டு மணிக்கு நான் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து முதல் லாரிக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரிக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே கூழுக்குப் போகும் பழம் பெரும்பாலும் பெங்களூரா. வேறு ஊர்களில் தோத்தாபுரி, கிளிமூக்கு என்பார்கள். ஜூன், ஜூலையில் சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கமிருந்து டிராக்டரும் லாரியுமாக வந்து ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். உள்ளே வரும்போது பழத்தோடு ஓர் எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் வண்டி எடை. கழித்தால் நிகர எடை. இதுதான் என் வேலை. விலை விழுந்த இந்த ஆண்டில் ஜன்னல் வழியே திட்டு வாங்குவதும் அதே சம்பளத்தில் அடக்கம்.

இந்த இடத்தில்தான் மசக்கை என்னைப் பிடித்தது. மாம்பழ வாசனை என்று கேட்பவர்கள் ஒரு தட்டில் நறுக்கி வைத்த பழத்தை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது அது இல்லை. டன் கணக்கில் கூழ் கொதிக்கும் ஆவி, கொட்டையும் தோலும் வெயிலில் புளித்துக் கிடக்கும் குவியல், அதன்மேல் ஈ, அதற்கு மேல் டீசல் புகை. ஐந்து வருடமாக என் மூக்கு கவனிக்காத இந்தக் கலவை, ஆறாவது வாரத்தில் தினமும் காலையில் ஆலைக் கேட்டிலேயே என் தொண்டையைப் பிடித்தது. ஊரெல்லாம் கர்ப்பிணிக்கு மாங்காய் என்றால் உயிர் என்று சொல்லிக்கொண்டிருக்க, எனக்கு வாய்த்தது இப்படி. லாரி மேடையில் ஏறும்போது எஞ்சின் சத்தம் பெரிதாக இருக்கும். அந்த அரை நிமிடத்துக்குள் கூண்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வரப் பழகிக்கொண்டேன்.

டாக்டரிடம் முதலில் போனது ஜூன் 4 அன்று. கடைசி மாதவிலக்கின் முதல் நாளைக் கேட்டார். ஏப்ரல் 28 என்றேன். "ஐந்து வாரம் முடிந்துவிட்டது" என்றார். எனக்குக் கணக்கு இடித்தது. கரு தரித்திருந்தால் மூன்று வாரம்தானே ஆகியிருக்க வேண்டும்? அந்த இரண்டு வாரத்தையும் சேர்த்துத்தான் நாற்பது வாரம் எண்ணுவார்களாம். வெறும் வண்டியையும் சேர்த்து எடை போடுவது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். சிரித்தால் வாந்தி வரும் என்பதால் சிரிக்கவில்லை.

ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு கோபம் இருக்கிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப் போகிற நரம்புக் குழாய், கரு தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். ஆகவே இந்த மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே போட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து "விசேஷம் உண்டா" என்று கேட்ட அத்தனை பேரில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் அத்தை கண்டிப்பாகப் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. பாலக்கோட்டில் என் அம்மாவுக்கு மட்டும் விலக்கு. பப்பாளி, அன்னாசி, எள் என்று அத்தை தடை போட்ட பட்டியலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எதுவும் உள்ளே தங்காதபோது எதைத் தடுத்தால் என்ன? தங்கியது ஒன்றே ஒன்று. முதல் நாள் காய்ச்சி ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், உப்புப் போட்டு, மோர் விட்டு, கடித்துக்கொள்ள நாரத்தங்காய் ஊறுகாய். அதைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போய்க் கூண்டில் மூன்று தவணையாகக் குடிப்பேன். கேட்டவர்களுக்கு "வயிற்றுப் புண்" என்று ஒரு பொய்.

சந்தூர்ப் பெரியவர் ஒருவர் ஆண்டுதோறும் என் ஜன்னலில் ஒரு பழத்தை வைத்துவிட்டுப் போவார். இந்த முறையும் வைத்தார். நான் அதைச் சட்டென்று எட்டத் தள்ளி வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தூக்குவாளியைப் பார்த்தார். "பாப்பா, நிழலில் உட்கார்" என்றார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வண்டியோடு வந்தபோது ஜன்னலில் இருந்தது இரண்டு எலுமிச்சம்பழம். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே அன்றைக்கு முப்பத்தொரு வண்டி எடை போட்டேன்.

ஜூன் 24. மதியம் கழிப்பறையில் உள்ளாடையில் காசளவு பழுப்புக் கறை. அவர் ஓசூரில் ஷிப்டில்; கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ஆலையில் என்ன காரணம் சொல்லி வெளியே வருவது? பக்கத்தில் பழம் தரம் பிரிக்கும் பெண்கள் நாற்பது பேர். அவர்களில் பலர் இரண்டு மூன்று பெற்றவர்கள். ஒருத்தியிடம்கூடப் போய், எனக்கு இப்படி ஆகிவிட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்க வழி இல்லை. சொல்லாமல் வைத்திருந்த செய்திக்கு ஆறுதல் எங்கே கிடைக்கும்? வயிற்றுப் புண் முற்றிவிட்டது என்று அதே பொய்யின்மேல் இன்னொரு மாடி கட்டிவிட்டு ஆட்டோவில் வந்தேன்.

அத்தை ஸ்கேன் எடுக்குமிடத்துக்கு என்னோடு வந்தார். கருவின் நீளம் 1.6 சென்டிமீட்டர். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 168. கரு நன்றாக இருக்கிறது, முதல் மூன்று மாதத்தில் இப்படிக் கொஞ்சம் கறை படுவது பலருக்கு உண்டு, இரண்டு நாள் ஓய்வெடுத்து, கூடினால் உடனே வரச் சொன்னார்கள். நான் வாய்விட்டு அழுதேன். வெளியே பெஞ்சில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "உன் வீட்டுக்காரனுக்கு முன்னால் எனக்கு ஒன்று தங்காமல் போயிற்று. பத்தாவது வாரம். அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரியும் வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டாள். ஒவ்வொருத்திக்கும் நான் பதில் சொன்னேன்."

அவர் கட்டளையைக் கண்பட்டுவிடும் என்ற பயம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இழப்பது ஒரு முறை, அதைத் தெரு முழுக்கத் திரும்பச் சொல்வது இருபது முறை என்ற கணக்கு அதில் இருந்தது எனக்குத் தெரியாது. கரு கலைவதில் பெரும்பகுதி முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நடப்பது என்பதால் அத்தையின் காலக்கெடு மருத்துவத்துக்கும் ஒத்துத்தான் போகிறது. இருந்தாலும் அன்று ஆலைக் கழிப்பறையில் நான் நின்ற கால் மணி நேரத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அத்தையோடு இதில் எனக்கு இன்னும் வழக்கு தீரவில்லை.

இதற்கு நடுவில் அரசாங்கம் வேறு. வீட்டில் மூன்று மாதம் முடிந்த பிறகு சொல் என்கிறார்கள். அரசாங்கம் பன்னிரண்டு வாரம் முடிவதற்குள் சொல் என்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்தால்தான் பிக்மி எண் என்று சொல்லப்படும் பன்னிரண்டு இலக்க எண் கிடைக்கும். பிறகு பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்தக் கெடுவுக்குள் பதிந்திருக்க வேண்டும். செவிலியர் சீருடையில் தெருவுக்குள் வந்தால் ரகசியம் அவ்வளவுதான். கடைசியில் அத்தையே ஒரு வழி கண்டுபிடித்தார். செவிலியரைத் துணை சுகாதார நிலையத்தில் போய்ப் பார்த்தோம், கீரை வாங்கப் போகிறவர்களைப் போலக் கையில் பையோடு. அங்கே என் எடை 49.5 கிலோ. ஏப்ரலில் 52 இருந்தேன். ஆலையின் எடைமேடை பத்துக் கிலோவுக்குக் கீழே காட்டாது. ஆகவே இந்த வித்தியாசத்தை அது கண்டுகொள்ளப் போவதில்லை.

ஜூலை 24, பன்னிரண்டாவது வார ஸ்கேன். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் தேங்கும் நீரின் அளவைப் பார்ப்பார்கள். எனக்கு அளவு சரியாக இருந்தது. தலையிலிருந்து புட்டம்வரை ஆறு சென்டிமீட்டர். திரையில் காலை உதைத்தது; எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனுக்கு முன்பு, ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சுவரிலும் பெரிய பலகை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம். பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்று சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரிக்கும் வந்தபோது நாங்கள் அந்த மாவட்டத்தில்தான் இருந்தோம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். ஆகவே அந்தப் பலகையை எங்கள் பக்கத்துப் பெண்கள் வெறும் சம்பிரதாயமாகப் படிப்பதில்லை. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை அவர் தெருவில் இறங்கி வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் நான் மேலாளரிடம் சொன்னேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, "சீசன் முடியும்வரை இருப்பீர்கள் அல்லவா?" என்றார். இருப்பேன் என்றேன். கொதிக்கும் கூழின் வாசனை இப்போது முன்பளவுக்குத் தொண்டையைப் பிடிப்பதில்லை. பழத்தைத்தான் இன்னும் வாயில் வைக்க முடியவில்லை. பிரசவத் தேதி பிப்ரவரி 2. "மரமெல்லாம் பூத்திருக்கும்" என்று அத்தை சந்தோஷமாகச் சொல்கிறார். மாம்பூவுக்கும் வாசனை உண்டே என்றுதான் எனக்கு இப்போதிருந்தே யோசனை.