பழுப்பு பெல்ட் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

கராத்தேயின் ஒரு பாணியான ஷோட்டோகானில் பழுப்பு பெல்ட் வரை வந்தவர்களுக்குக் கட்டா, அதாவது தனியாகச் செய்துகாட்டும் அசைவுத் தொடர், பெரும்பாலும் பிசகுவதில்லை. ஹெயான் ஷோதான் என்ற தொடக்கநிலைக் கட்டாவின் 21 அசைவுகளையும் தூக்கத்தில் கேட்டாலும் செய்துகாட்டுவார்கள். திணறுவது குமித்தேயில், அதாவது எதிராளியோடு மோதும் பயிற்சியில். எதிரில் ஒருவர் வந்து நின்றதும் கற்றதெல்லாம் மறந்துபோகிறது. நானும் தேர்வு முடித்தேன், இப்போது இளையவர்களுக்குப் பயிற்சியில் துணை நிற்கிறேன். அதில் கண்டதைச் சொல்கிறேன்.

குமித்தேயின் படிகளைச் சடங்காகக் கடக்காதீர்கள். கோஹோன் குமித்தேயில் அடி முகத்துக்கா வயிற்றுக்கா என்பதை எதிராளி சொல்லிவிட்டு, ஐந்து முறை முன்னேறி அடிப்பார். நமக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். தூரமும் கால்வைப்பும் மட்டுமே பாடம். இப்போன் குமித்தேயில் ஒரே அடி. தடுப்பு தவறினால் திருத்திக்கொள்ள அடுத்த அடி கிடையாது. ஜியூ இப்போனில் இருவரும் நகர்ந்துகொண்டே இருக்கிறோம். அடி விழும் இடம் தெரியும், நேரம் தெரியாது. ஜியூ குமித்தேயில் எதுவுமே தெரியாது. தெரியாதவை ஒவ்வொன்றாகத்தான் கூடுகின்றன. பலர் இரண்டாம் படியிலிருந்து நேராக நான்காம் படிக்குத் தாவிவிட்டு, 'எனக்கு வேகம் போதவில்லை' என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஜியூ இப்போனில் நாள்கணக்கில் நின்றிருந்தால் அந்தக் குறையே வந்திருக்காது.

தேர்வின் தற்காப்புப் பகுதிக்கும் இதே கணக்குதான். ஹெயான் ஷோதானின் நான்காவது அசைவில் முன்காலை இழுத்து, கையைச் சுழற்றி, முஷ்டியின் அடிப்பக்கத்தால் இறக்குகிறோம் அல்லவா? பிடிபட்ட மணிக்கட்டை விடுவிப்பது என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. கூட்டாளியை உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் தளர்வாகப் பிடிக்கட்டும். அவருடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியின் பலவீனம். கை எலும்பின் ஒடுங்கிய விளிம்பை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பி, இடுப்போடு சேர்த்து இழுங்கள். தோள்பலத்தால் மட்டும் இழுத்தால் பலசாலியிடம் செல்லாது. பிறகு இறுக்கமாகப் பிடிக்கட்டும். அடுத்து இழுத்துக்கொண்டே பிடிக்கட்டும். கடைசியில், எந்தக் கையைப் பிடிப்பார் என்று சொல்லாமல் பிடிக்கட்டும். ஒரு படி சரளமாகும் வரை அடுத்ததற்குப் போகவேண்டாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். தேர்வில் காட்டும் தற்காப்பு பெரும்பாலும் ஒத்திகை பார்த்த நாடகம். தெருவில் எவரும் ஓரடி பின்வாங்கி நின்று, 'ஜோதான்' (முகத்துக்கு) என்று அறிவித்துவிட்டு அடிப்பதில்லை. சட்டையைப் பிடித்துத் தள்ளியபடிதான் ஆரம்பிப்பார்கள். அதனால் பிடி விட்டதும் குரல் எழுப்பி விலகி ஓடுவதையும் பயிற்சியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தற்காப்பின் சட்ட எல்லை பற்றித் தேர்வாளர் வாயாலும் கேள்வி கேட்கக்கூடும். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு உடலைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை நீளாது என்கிறது 37ஆம் பிரிவு. விழுந்துவிட்டவரை மிதிப்பது தற்காப்பில் சேராது.

தேர்வன்று உங்கள் எதிரில் யார் நிற்பார் என்பதைத் தேர்வாளர்தான் முடிவுசெய்வார். வகுப்பில் ஒரே நண்பரோடு ஜோடி சேரும் வழக்கத்தை இப்போதே விடுங்கள். உங்களைவிட உயரமானவர், இடக்கைக்காரர், முரட்டுத்தனமாக ஆடுபவர் என மாறிமாறி நில்லுங்கள். முந்தைய நாள் கடும் பயிற்சி வேண்டாம், கால்களை நீட்டித் தளர்த்திக்கொண்டால் போதும்.