புட்டுவின் கழுத்துக் கட்டி

ஜூன் 8, 2024, சனி

எங்கள் கினி பிக் புட்டுவின் தாடைக்குக் கீழே வலப்பக்கம் ஒரு கட்டி. கண்டுபிடித்தது மகள். கொத்தமல்லித் தண்டு கொடுக்கும்போது கழுத்தைச் சொறிந்துவிடுவது அவள் வழக்கம். "அப்பா, இங்க கடலை மாதிரி ஏதோ உருளுது" என்றாள். கூண்டில் இருக்கும் இன்னொருத்தியின் பெயரே கடலை என்பதால் எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. (எங்கள் கினி பிக் இரண்டுக்கும் பெயர் வைத்தவள் அம்மா. நாகர்கோவில்காரிக்குக் காலைப் பலகாரம் என்றால் புட்டும் கடலையும்தான்.)

தொட்டுப் பார்த்தேன். கடலை எல்லாம் இல்லை, நல்ல அரைநெல்லிக்காய் அளவு. அடர்ந்த முடிக்குள் இத்தனை நாள் ஒளிந்திருந்திருக்கிறது. கிச்சன் தராசில் பழைய துண்டைப் போட்டு நிறுத்தேன்: 868 கிராம். ஏப்ரலில் 910 இருந்தாள். அம்மா பார்ப்பதற்குள் தராசைத் துடைத்து வைத்தேன்.

"சூட்டுக் கட்டி மக்கா. அரிசி மாவும் மஞ்சளும் கிண்டிப் பத்துப் போட்டா பழுத்து உடஞ்சிரும்" என்றாள் அம்மா. சென்னை வெயிலில் எல்லாமே அவளுக்குச் சூட்டுக் கட்டிதான்.

ஜூன் 10, திங்கள்

வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். சீட்டில் 'ராபிட்' என்று எழுதினார்கள். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. டாக்டர் கட்டியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார், எடை பார்க்கவில்லை, வாயைத் திறந்து பார்க்கவில்லை. ஐந்து நாளைக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். மொத்தம் நான்கு நிமிடம்.

இரவு ஒன்பது மணிக்கு முதல் வேளை. இனிப்பு மருந்து, புட்டு உதட்டை நக்கி நக்கிக் குடித்தாள். பத்தரைக்கு ஆவடி நண்பரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். இந்த ஜோடியை எங்களுக்குக் கொடுத்தவர் அவர்தான். "என்ன மருந்து?" என்றார். "அமாக்ஸிசிலின்." போனில் சத்தமே இல்லை. அப்புறம், "இன்னொரு சொட்டு கொடுக்காதீங்க" என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

தூங்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் புழுக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கினி பிக் புழுக்கை சீரகச்சம்பா நெல் பெருத்தாற்போலக் கெட்டியாக, பழுப்பாக இருக்கும். அது இளகினால் ஆபத்து. இவற்றின் குடலில் நாரைச் செரிக்கவைப்பதே பாக்டீரியாக்கள்தான். அமாக்ஸிசிலின் மாதிரிப் பென்சிலின் குடும்பத்து மருந்து வாய்வழியாகப் போனால் அந்தக் கூட்டத்தை அழித்துவிடும். காலியான இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். கழிச்சல் கண்டு சில நாளில் கதை முடிந்துவிடும். ஒரு குழந்தைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற மருந்து இது.

விடியற்காலையில் ஒன்று நினைவுக்கு வந்தது. 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி என்ற விஞ்ஞானியின் குழு பென்சிலினைச் சோதித்தது எட்டுச் சுண்டெலிகளில். எட்டுக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஏற்றினார்கள். மருந்து கிடைக்காத நான்கும் மறுநாள் விடிவதற்குள் செத்தன, கிடைத்த நான்கும் அப்போது உயிரோடு இருந்தன. 'கினி பிக்' என்ற பெயரே சோதனைக்கு மறுபெயர் ஆகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்தக் கூண்டுகளில் நிஜமான கினி பிக்குகள் இருந்திருந்தால் மருந்தையே தூக்கிப் போட்டிருப்பார்களோ என்னவோ.

காலை பத்து மணியிலிருந்து போன். சித்தப்பா, "வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். மாடோ கோழியோ நாயோ, எங்கள் வீட்டில் தலைமுறையாக அதுதான் பதில். போகத் தயாராகத்தான் இருந்தேன், அதற்குள் வேறு இடம் அமைந்துவிட்டது. போன் செய்ததில் கற்றது ஒன்று: "கினி பிக் பார்ப்பீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "பார்ப்போம், கூட்டிட்டு வாங்க" என்பார்கள். மூன்றாவது போனிலிருந்து கேள்வியை மாற்றினேன்: "கடைசியா எப்போ ஒரு கினி பிக்குக்கு ஆபரேஷன் பண்ணீங்க?" இரண்டு இடத்தில் பேச்சு அப்படியே நின்றது. ஐந்தாவது இடத்தில் எடுத்தவர் டாக்டரே. "போன வாரம். உங்களுடையது சாப்பிடுதா? எடை எவ்வளவு? என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மருந்தின் பெயரைச் சொன்னதும், "எத்தனை வேளை?" "ஒன்று." "நாளைக்கு முதல் ஆளா வாங்க. கூட இருக்கிறதையும் கொண்டு வாங்க."

ஜூன் 12, புதன்

வேளச்சேரிப் பக்கம் ஒரு மாடி கிளினிக். காத்திருந்தவர்கள் ஒரு கிளி, இரண்டு முயல், நாங்கள். நாய் இல்லை. குரைப்புச் சத்தத்தில் புட்டு உறைந்துபோவாள், அதனால் அதுவே பாதி வைத்தியம்.

முதலில் தராசு: 839. அப்புறம் காது பார்க்கிற கருவியின் குழலை வாயோரமாக நுழைத்துக் கடைவாய்ப் பற்களைப் பார்த்தார். மொத்தம் இருபது பல், இருபதும் சாகும்வரை வளரும். தாடைக் கட்டி என்றால் பல்வேரிலிருந்து வந்ததா என்பதுதான் முதல் சந்தேகமாம். அதற்கு எக்ஸ்ரே. எலும்பு சுத்தமாக இருந்தது. "நெறி கட்டுமே, அந்த நிணநீர்க் கணுவில் சீழ் கட்டியிருக்கு" என்றார்.

"என்ன புல் போடுறீங்க?"

வைக்கோல் என்றேன். வெளிநாட்டுத் திமோத்தி புல் விலை கட்டுப்படியாகாமல் மூன்று மாதமாக மாட்டுக்காரரிடம் வாங்கிய வைக்கோல். அவர் தலையசைத்தார். முரட்டுத் தாளின் முனை வாய்க்குள் கீறும். தொண்டையில் சும்மா குடியிருக்கும் கிருமி அந்தக் கீறல் வழியாக இறங்கிக் கழுத்துக் கணுவில் தங்கிவிடும். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வைக்கோலை நிறுத்திடுங்க." மிச்சம் பிடித்த பணம் எங்கே போய் நின்றிருக்கிறது பாருங்கள்.

ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். ஊசியைக் குத்திக் காட்டினார். சிரிஞ்சை இழுத்தால் நுனியில் ஒரு பொட்டுதான் ஏறியது. மனிதர்களுக்கு வருவதுபோல நீராக இராது, பற்பசை மாதிரிக் கெட்டி. சுற்றிலும் ஒரு தடித்த பை. பையைத் திறக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் உள்ளே போய்ச் சேராது. பத்துப் போட்டுத் தானாக உடைந்தாலும் பாதிதான் வரும், மறுபடி கட்டும். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் சோதனைக்கு அந்தப் பொட்டை அனுப்பினார். அதுவரை என்ரோஃப்ளோக்சசின் என்ற வேறு ஆன்டிபயாடிக்.

போன மருந்துக்கு மாற்று என்ன? கடலையின் புதுப் புழுக்கை இரண்டைத் தண்ணீரில் கரைத்து, வடித்துப் புட்டுவுக்குப் புகட்டச் சொன்னார். ஆரோக்கியமான குடலின் பாக்டீரியாவைக் கடன் வாங்குவது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஆபரேஷன்.

நேற்று இரவே பட்டினி போட வேண்டுமா என்று கேட்டிருந்தேன். கூடவே கூடாது என்றார். இவை வாந்தி எடுக்காது, ஆனால் குடல் நின்றால் மறுபடி ஓட வைப்பது கஷ்டம். அதனால் குடமிளகாயும் அருகம்புல்லும் டப்பாவில் போட்டு, கடலையையும் அதே கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். அருகம்புல் பிள்ளையார் கோயில் வாசலில் வாங்கியது. பூக்காரம்மா, "மாலையாக் கட்டித் தரவா?" என்று கேட்டார்.

மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்த புல்லைக் கழுவி எடுத்தார்கள். ஐசோஃப்ளூரேன் வாயுவில் மயக்கம். முக்கால் மணி நேரம். கட்டி ரத்தக் குழாயை ஒட்டி இருந்ததால் பையோடு முழுசாக எடுக்க முடியவில்லை. திறந்து, வழித்து, பையின் விளிம்பைத் தோலோடு தைத்து, வாய் திறந்தபடியே விட்டிருந்தார். ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி இருக்கும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பார்த்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது சீக்கிரம் மூடக் கூடாது" என்றார் டாக்டர். "தினம் ரெண்டு வேளை கழுவுங்க. அடியிலிருந்து சதை ஏறி வரணும். மேல்தோல் முந்திக்கிட்டா தோத்துட்டோம்."

ஜூன் 15, சனி

இரவு இரண்டு மணி. 801 கிராம். தானாக எதையும் தொடவில்லை. பெல்லட் தீனியை ஊறவைத்து மிக்ஸியில் அடித்து, ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் மூன்று மணிக்கு ஒரு தரம். முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைத்து, கொஞ்சம் விட்டு, மெல்லுகிறாளா என்று பார்த்து, மறுபடி கொஞ்சம். நேராகப் பீய்ச்சினால் மூச்சுக்குழலில் போய்விடும். இருபது மில்லி இறங்க நாற்பது நிமிடம். வலிக்கு மெலாக்ஸிகாம். வைட்டமின் சி சொட்டு தனியாக: நம்மைப் போலவே இவற்றின் உடம்பும் அதைத் தானே செய்துகொள்ளாது, அது இல்லாமல் புண் ஆறாது.

காலை ஏழுக்கு ஒரு கொத்தமல்லி இலை. நடுக்காம்பிலிருந்து ஆரம்பித்து, தட்டச்சு இயந்திரம் மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டாள். ஒரே ஒரு இலைதான். போதும்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. 812. எதிர் வீட்டு பாய் பிரியாணி கொடுத்தனுப்பினார். "எண்ணூறு ரூபாய் ஜோடிக்கு ஒன்பதாயிரமா!" என்று அவர் வீட்டுப் பையன் வாயைப் பிளந்தான். நானும் முதலில் பிளந்தவன்தான், பில்லைப் பார்த்தபோது.

ஜூன் 19, புதன்

கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ். எட்டுச் சுண்டெலிகளுக்கு ஏற்றிய அதே வகைக் கிருமி. எந்த மருந்துக்கு மசிகிறது என்ற பட்டியலைப் பார்த்து என்ரோஃப்ளோக்சசினை நிறுத்திவிட்டு அசித்ரோமைசின் கொடுத்தார். இதுவும் குடலைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டியதாம், புழுக்கை இளகினால் உடனே போன் செய்யச் சொன்னார். இது எங்கள் கட்டிக்கு, எங்கள் ரிப்போர்ட்டுக்கு எழுதியது. யாரும் இதைப் பார்த்து மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

கடலைக்கும் தொற்றலாம் என்பதால் அவள் கழுத்தையும் தினம் தடவிப் பார்க்கிறோம். அவளுக்கு இருப்பது வெறும் தொங்கு சதை.

ஜூன் 22, சனி

காலையில் மகள் ஓடிவந்தாள். "மூடிடுச்சுப்பா! சூப்பரா ஆறிடுச்சு!" அம்மா கூட எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றாள். எனக்கும் ஒரு கணம் சந்தோஷம்தான். அப்புறம் வயிறு கலங்கியது.

கிளினிக்கில் டாக்டர் உப்புநீரில் பஞ்சை நனைத்துப் பொருக்கின்மேல் ஐந்து நிமிடம் வைத்தார். ஊறியதும் இடுக்கியால் தூக்கினார். அடியில் மறுபடி வெள்ளைப் பசை, ஒரு பட்டாணி அளவு. மணம் சொல்ல வேண்டாம். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைத் திட்டுவேன் என்று நினைத்தாள் போல. திட்ட என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை இரண்டு வேளையும் கழுவியது நான். பொருக்கு பிடிக்கத் தொடங்கியதைப் பார்த்து, வலிக்குமே என்று அதைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் கழுவினேன்.

இனி முறை இதுதான்: மனைவி துண்டில் சுற்றி மடியில் பிடிப்பாள். போவிடோன் அயோடினை வெளிர் டீ நிறம் வரும்வரை உப்புநீரில் கலந்து, சிரிஞ்சின் நுனியைக் குழிக்குள்ளேயே வைத்துப் பீய்ச்ச வேண்டும். வெளியே வருகிற நீர் தெளியும்வரை. பொருக்கு இருந்தால் ஊறவைத்து எடுக்க வேண்டும். புட்டு கத்துவாள். கத்தட்டும்.

ஜூன் 30, ஞாயிறு

856. குழி ஆழம் குறைந்து, கடுகு போகிற அளவுக்கு வந்துவிட்டது. நாளை முதல் ஒரு வேளை கழுவினால் போதும். என் சட்டைகள் மூன்றில் அயோடின் கறை.

ஜூலை 7, ஞாயிறு

மூடிவிட்டது. இந்த முறை டாக்டரே அழுத்திப் பார்த்துச் சொன்னார், அடியில் ஒன்றும் இல்லை. மருந்து முடிந்தது. மழித்த இடத்தில் முடி சுழியாக முளைக்கிறது. இன்னும் ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு முறை எடை, வாரம் ஒரு முறை கழுத்து. வைக்கோல் மூட்டையை மாட்டுக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பூக்காரம்மா அருகம்புல்லை எனக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்.

இன்று 889. மகள் நோட்டில் எழுதினாள். நிமிர்ந்து பார்த்தால் அடுக்களை வாசலில் அம்மா, கையில் மாவுத் தட்டோடு. எத்தனை நாளாக நின்று பார்த்திருக்கிறாள் என்று தெரியவில்லை. தராசை ஒரு பார்வை, புட்டுவை ஒரு பார்வை. ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து பழைய பித்தளை உழக்கை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு இப்போது அதில்தான் அளந்துகொண்டிருக்கிறாள்.